அங்கே ஒரிஜினல் மலிவு

— இது அது இல்லக்கா.

— எது எது இல்ல? பெட்டியில உன் கேமரா பேர் கொட்டை எழுத்துல போட்டிருக்கு, பாரு.

— அதுக்கு முன்னாடி பொடி எழுத்துல ‘ஃபார்’னு ஒண்ணு இருக்கு, அதையும் பாரு. இந்தக் கேமராவுல மாட்டலாம்னு அர்த்தம். இந்தக் கேமராக் கம்பெனி செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. இது தேர்ட் பார்ட்டி லென்ஸ்.

— மாட்டினா மாட்டுதா இல்லையா?

— மாட்டுது.

— படம் விழுதா?

— விழுது.

— அப்புறம் என்னடா? உங்க மாமா வெளிநாட்டுலேர்ந்து ஆள் மூலமா குடுத்தனுப்பியிருக்கார். பேசாம வெச்சுக்கோ.

— கோவிச்சுக்காதே தாயே. மாமா மேல எனக்குப் பெரிய மரியாதை. கல்யாணத்துக்கு அப்புறம் ஆளை நேர்ல பார்க்கவே இல்லையா, அந்த மரியாதை இன்னும் பிளாஸ்டிக் உறைகூட பிரிக்காம புதுசா இருக்கு.

— டேய்!

— என்னடா அங்க சத்தம்? மாப்பிள்ளை அனுப்பினது உடைஞ்சு வந்திருக்கா?

— உடையலம்மா. மாறி வந்திருக்கு. நீ அடுப்பைப் பாரு.

— அடுப்பு எங்கேயும் ஓடிடாது. என்ன மாறிப்போச்சு, எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— கேமராக் கம்பெனியே செய்யற லென்ஸ் ஒண்ணும்மா. வேற எவனோ அதே மாதிரி செஞ்சு, இதுவும் மாட்டும்னு விக்கிற லென்ஸ் இன்னொண்ணு. நான் கேட்டது முதலாவது. வந்தது ரெண்டாவது.

— பெத்த பிள்ளையைக் கேட்டே, தத்துப்பிள்ளை வந்திருக்கு.

— அம்மா, நீ எங்க காலேஜுக்கு வந்து பாடம் எடுக்கலாம்மா. நாங்களும் கொஞ்சம் பாஸாவோம்.

— வந்ததை வெச்சுக் கொஞ்சுப்பா. மாப்பிள்ளை மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை பேசிடாதே. இப்பதான் மாடிவீட்டம்மாகிட்ட சொல்லிட்டு வந்தேன், மச்சினனுக்கு இந்தக் காலத்துல யார் இப்படிச் செய்வாங்கன்னு. உங்கப்பா வேண்டவே வேண்டாம்னு சொன்ன இடம். நான்தான் ஒத்தக் கால்ல நின்னு முடிச்சேன். மனுஷன் இன்னிக்கு இருந்திருந்தா, இந்தப் பெட்டியை அவர் மடியில தூக்கி வெச்சிருப்பேன்.

— அம்மா, என்னமோ தீயற வாசனை வருது.

— ஐயையோ!

— போயிட்டா. அக்கா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து.

— எதுக்குடா? விஷயம்தான் முடிஞ்சு போச்சே.

— எனக்கு முடியல. எங்க ஸ்டுடியோ முதலாளி கல்யாணத்துல ஒரிஜினல் லென்ஸ் வெச்சிருக்கிறவனைத்தான் மேடைப் பக்கம் விடுவார். மத்தவன்லாம் சாப்பாட்டுக் கூடம். வாயில கவளத்தோட நிமிர்ந்து பார்க்கிறவங்களைப் படம் எடுத்துக்கிட்டே இருக்கணும். நான் அங்கே ரொம்ப காலமா வாய் நிபுணர். பல்லைக் காட்டினா யார் வீட்டு ஆளுன்னு சொல்லிடுவேன்.

— அவர்கிட்ட சொல்லிப் பாரேன். கடைக்காரங்களே ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாங்க.

— எந்தக் கடைக்காரங்க?

— பொதுவா... சொல்வாங்கல்ல.

— சொல்வாங்க, அவங்க வேலை அது. கேளு. இங்க ஒரிஜினல் என்ன விலை? நான் ஒரு கிட்னியைப் பேசி முடிக்கணும். தேர்ட் பார்ட்டி அதுல பாதி. அங்க அப்படி இல்ல. ஒரிஜினல் தயாராகிறதே அங்கதான். அதனால இங்க தேர்ட் பார்ட்டிக்குக் குடுக்கிற காசுக்கு அங்க ஒரிஜினலே கிடைக்கும். அதுக்குத்தானே படிப்புக்கு நடுவுல வாய் வாயாப் படம் எடுத்துச் சேர்த்த காசை உன் கையில குடுத்து, மாமாவுக்கு அனுப்புன்னு சொன்னேன்?

— தெரியாம மாத்தி வாங்கிட்டார்டா. அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பெட்டியில பேரைப் பார்த்திருப்பார்.

— நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா கணக்கு உதைக்குது. தப்பா வாங்கறவன் எப்பவும் மலிவா இருக்கேன்னுதான் தப்பா வாங்குவான். அங்க தேர்ட் பார்ட்டி வெளியூர்ச் சரக்கு. வரி, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து ஒரிஜினலைவிட விலை ஜாஸ்தி. பாதிக் கடையில வெச்சிருக்கவே மாட்டாங்க. தேடி அலைஞ்சு, கூடக் காசு போட்டு, மட்டமானதுன்னு சொல்றதை வாங்கறதுக்கு மாமா என்ன நம்ம காலேஜ் நிர்வாகமா?

— அப்ப... குடுத்தனுப்பின ஆள்தான் மாத்தியிருப்பான். ஆமாம்டா! ஒரிஜினலை வித்துட்டு, இதை வாங்கி வெச்சிருப்பான். பாவி.

— அட, விஞ்ஞானியோட அக்கான்னா சும்மாவா! இது பொருந்துது. அப்ப மாமாகிட்ட சொல்லியே ஆகணும். அந்த ஆள் பேர் என்ன?

— பேரா? அவர் சிநேகிதர் ஒருத்தர்.

— சிநேகிதருக்குப் பேர் வெக்காம விட்டுட்டாங்களா?

— வேலை நேரத்துல மருந்துக்கடைக்கு வந்தார்டா, கூட்டமா இருந்துச்சு. பெட்டியைக் குடுத்துட்டுப் போயிட்டார். நான் பில் போட்டுக்கிட்டிருந்தேன், முகத்தைக்கூட சரியாப் பார்க்கல.

— சரி, மாமா நம்பரைக் குடு. நானே மரியாதையாக் கேக்கறேன்.

— இப்ப டியூட்டியில இருப்பார்.

— இன்னிக்கு அங்க லீவு.

— புது நம்பர் மாத்தியிருக்கார். என் ஃபோன்ல இல்ல. கடை ஃபோனுக்குத்தான் கூப்பிடுவார்.

— கட்டின பொண்டாட்டி ஃபோன்ல புருஷன் நம்பர் இல்ல. இருமல் மருந்து விக்கிற ஃபோன்ல இருக்கு.

— மாப்பிள்ளைக்கா ஃபோன் போடறீங்க? ஸ்பீக்கர்ல போடுங்கப்பா! நானும் ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்!

— இன்னும் போடலம்மா! லைன் கிடைக்கல! அக்கா, பழைய நம்பரைப் போட்டேன், உபயோகத்துல இல்லைன்னு ஒரு அம்மா சொல்றாங்க. அவங்க மட்டும்தான் ஒழுங்காப் பதில் சொல்றாங்க.

— விட்டுடேன்டா. உன் கால்ல வேணும்னா விழறேன்.

— என்னக்கா இது, ஒரு லென்ஸுக்குப் போய் கண்ணெல்லாம் கலங்குது? இரு. இரு இரு. இதை மலிவுன்னு நினைச்சு ஒருத்தர் வாங்கணும்னா, அவர் இந்த ஊர்ல நின்னாதான் முடியும். மாமா வந்துட்டாரா? அக்கா! வந்து எங்கேயாவது ஒளிஞ்சுக்கிட்டு விளையாட்டு காட்டறாரா? அம்மாகிட்ட சொன்னா இங்கேயே மயக்கம் போட்டுடுவா!

— கத்தாதேடா. அவர் வரல.

— அப்ப வாங்கினது?

— நான்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கிற கடையில.

— நீயா? ஏன்?

— நீ குடுத்த காசு அங்க ஒரிஜினலுக்குச் சரியா இருக்கும்னு சொன்னே. இங்க இதுக்குத்தான் சரியா இருந்துச்சு. பெட்டியில உன் கேமரா பேர் இருந்துச்சு. கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சேன்.

— காசைத் திருப்பிக் குடுத்திருக்கலாமே.

— குடுத்தா ஏன்னு கேப்பே. நீ கேட்டா அம்மா கேப்பா.

— மாமாவுக்கு அனுப்பவே இல்லையா?

— எங்கேன்னு அனுப்பறது? கடைசியாப் பேசினப்ப, இனிமே கூப்பிடாதேன்னு சொல்லிட்டார். அங்க அவருக்கு வீடு இருக்கு. பொண்டாட்டி இருக்கா. குழந்தை இருக்கு. எனக்கு முன்னாடியே இருந்திருக்கு.

— அக்கா...

— ஊருக்கு ஊர் விலை மாறும்னு நீதானே சொன்னே? இங்க நான் ஒரிஜினல். அங்க தேர்ட் பார்ட்டி. ஏதாவது பேசேன்டா. எப்பவும் ஏதாவது சொல்லுவியே.

— அப்ப, மாமா இப்படிச் சொன்னார், மாமா அப்படிக் கேட்டார்னு இவ்வளவு நாள் வந்து சொன்னதெல்லாம்?

— பஸ்ல வரும்போது யோசிப்பேன். அம்மா வாசல்லயே நின்னு கேப்பாளே, ஏதாவது சொல்லணுமே.

— நேத்து, அம்மாவை மாடிப்படி ஏற வேண்டாம்னு சொன்னாரே, அது?

— அவளுக்கு முட்டி வலிக்குதுல்ல.

— என்ன கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும்? கறி கருகிப்போனதுதான் மிச்சம். மாப்பிள்ளை கிடைச்சாரா இல்லையா? ஏன்டி உன் மூஞ்சி இப்படி இருக்கு? இவன் ஏதாவது வாய் விட்டானா? அவர் கோவிச்சுக்கிட்டாரா?

— கிடைச்சார்ம்மா. இப்பதான் வெச்சார்.

— என்ன சொன்னார்? தப்பா அனுப்பிட்டோமேன்னு வருத்தப்பட்டாரா?

— தப்பே இல்லம்மா. தெரிஞ்சுதான் வாங்கியிருக்கார். அங்க ஒரிஜினலைவிட இதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தின்னு மாமாவே சொன்னார்.