கிறிஸ்துதாஸ் ஐயாவின் முன்கை

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் விஜயகுமார் அவர்களே, கணவரை இழந்து வாடும் இன்பமேரி அம்மா அவர்களே, கிளியூரிலிருந்தும் ஒண்டிக்கடையிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் பானுவின் வணக்கம்.

முனைவர் கிறிஸ்துதாஸ் ஐயா போய்விட்டார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவள் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மனிதர்! சேராங்கொட்டை என்றாலே நாம் எட்டி நிற்போம், பால் பட்டால் தோல் வெந்துவிடும். அந்த நஞ்சை முறித்து, மூட்டு வலிக்காரர்களுக்குச் சத்து மாத்திரை செய்யலாம் என்று நம்பியவர் யார்? நம் ஐயா. கொட்டையின் காம்பு முனையை, அந்த மூக்கை, அறுத்து நீக்கிச் சுத்தி செய்த பிறகு, விழுதை முதலில் யார் கையில் தடவினார்? தன் கையில். மறுநாள் தோல் தடிக்காமல் இருந்தால்தான் சரக்கு வெளியே போகும். அந்த முன்கையில் எத்தனை தழும்பு என்பது இன்பமேரி அம்மாவுக்குத் தெரியும்.

"உங்களுக்கு ஏனுங்க ஐயா இந்த வம்பு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என் தோலுக்கே ஆகாதது ஊரார் வயித்துக்கு ஆகுமா, கண்ணு?" என்று சிரித்தார்.

சென்ற மாதம் மூக்கு அறுக்க இயந்திரம் வந்தது. கத்தியால் மூக்கு அறுக்கும் நம் பெண்களின் விரல்கள் வேக வேண்டாம் என்று ஐயாவே கேட்டு வாங்கியது. அது அரைகுறையாக அறுத்தது. அதில் வந்த முதல் சரக்கு அவர் கையைக் கொப்பளிக்க வைத்தது. அதை வெளியே அனுப்பக் கையெழுத்துப் போட மறுத்தார். அடுத்த வாரம் பஸ்ஸில் மலையேறும்போது மாரடைப்பு வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. இப்போது அந்தக் கையெழுத்தை நான் போட வேண்டும். அதே சரக்கில் ஐயா பெயரிலேயே மாத்திரை வெளிவரும் என்று இங்கே அறிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுத்தால்? காப்பிச் செடிகளுக்கு நடுவே நீங்கள் பொறுக்கிச் சேர்த்த கொட்டை மூட்டைகள் விலை போகாமல் கிடங்கில் முடங்கும். சற்று முன் வாசலில் கிளியூர் கண்ணம்மாள் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க பானு, கோடை மழைக்குள்ள மூட்டையெல்லாம் எடுத்துருவீங்கல்லங்க? உங்களத்தாங்க நொம்ப நம்பியிருக்கறோம்." அவர் பிடித்த இடம் எரிந்தது. ஏன் எரிந்தது என்று நான் சொல்லவில்லை.

சபையோரே, முன்னால் நீங்கள், பக்கத்தில் தலைவர், பின்னால் ஐயாவின் படம். ஐயா வழியில் நடப்பேன் என்று சொல்லிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஆனால் எது ஐயாவின் வழி?

நேற்றுக் காலை அந்தச் சரக்கை என் கையில் தடவினேன். இதோ, சுடிதார் கையை மேலே ஏற்றுகிறேன், பாருங்கள். கண்ணம்மாள் அக்கா, நீங்கள் பிடித்தது இந்தக் கொப்புளங்களின் மேல்தான்.

ஐயா, உங்கள் பணியைத் தொடர்வேன். இந்தச் சரக்குக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக் காலை ஆய்வுக்கூடத்துக்குள் என்னை விட்டால், கத்தி எடுத்து முதல் கொட்டையின் மூக்கை நானே அறுப்பேன். விடாவிட்டால், கிடங்கு வாசலில் இவர்கள் மூட்டைகளோடு நானும் உட்கார்ந்திருப்பேன்.