உக்கிப்போன ரப்பர் கட்டை

கஹவத்தை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள்.

"அந்த இஞ்சினியர் ஐயா ஒரு பொய் சொல்லியிருக்கலாம்," என்றார் அவர்.

"எதுக்குங்க பொய்? புது வீட்டுச் சொவரு வெடிச்சதும், மேசன் பாஸ் சிமெந்தக் களவெடுத்துட்டாருன்னு கோயில்ல வச்சிக் கத்துனது நீங்க. இஞ்சினியரக் கூட்டியாந்ததும் நீங்கதான்."

"மூலையில தோண்டச் சொல்லுவாருன்னு யாரு கண்டா?"

"தோண்டுனா, அத்திவாரத்துக்குக் கீழ ரப்பர் மரத்துக் கட்டை உக்கி உளுத்துப்போயி கெடக்கு. வேரோட எடுக்காம, பாஸ் வர்றதுக்கு முன்ன மண்ணப் போட்டு மூடுனது யாரு?"

"மெதுவா பேசு புள்ள."

"பாஸ் அந்தா முன்னுக்கு நிக்கிறாரு. போயி ஒரு வார்த்த சொல்லுங்க."

"கோயில்ல அத்தன பேரு முன்னால திட்டிட்டு, பஸ்ஸுல காதுக்குள்ள சொல்றதா?"

"அப்ப வெள்ளிக்கிழம பூசையில எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

அதற்குள் பாஸ் திரும்பி இவர்களைக் கண்டுவிட்டார்.

"அண்ணே, அந்தக் கட்டைய எடுத்துட்டு சொல்லியனுப்புங்க. நானே வந்து சொவரக் கட்டித் தாரேன்."

புருசன் சட்டென்று எழும்பி மணியடித்து, நின்ற இடத்தில் இறங்கிவிட்டார்.

பெண்சாதி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "நாங்க எறங்குற தோட்டம் இன்னும் வரலங்க," என்றாள் பாஸிடம்.