வாய்க்குள் போகாத மீன்

மீன் வளர்க்கிறவர்கள் செய்கிற முதல் தப்பு, தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பது. பின்னால் கை நுழைகிற அளவுக்காவது இடம் விடுங்கள். இல்லாவிட்டால் ஒயரில் ஏதாவது கோளாறு வரும்போது தொட்டியையே நகர்த்த வேண்டியிருக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கீழ் வீட்டுக்குக் குடிவந்த சூட்டோடு சூடாக ஆஸ்கார் மீன் வாங்கிவிட்டீர்கள். அது தனியாகக் கிடக்கிறதே, துணைக்கு எந்த மீனை விடலாம் என்று மாடியேறி வந்து கேட்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். இந்தக் கட்டடத்தில் இதைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்து என்ன கிழித்தேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். அவள் இப்போது இங்கே இல்லை. உட்காருங்கள், அதையும் சொல்கிறேன். நீங்கள் கேட்டதற்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

இதோ, இவர்தான் ஆபீசர். உங்களுடையது போலவே ஆஸ்கார், ஆனால் என் முன்னங்கை நீளம். பெயர் நான் வைத்தது. லீவு கேட்டு நிற்கும்போது எங்கள் மேலாளர் என்னைப் பார்க்கிற பார்வையை இவரிடமும் பார்த்தேன், வைத்துவிட்டேன். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கடை எரிந்துபோச்சு என்று ஒருவர் வருவார். தானாக எரிந்ததா, அவரே கொளுத்தினாரா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரார் தில்லுமுல்லை எல்லாம் கண்டுபிடிக்கிற சூரன், சொந்த வீட்டில் மின்விசிறியை இஷ்டத்துக்கு ஓடவிட முடியாமல் இருந்தேன்.

துணை மீன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வாயைப் பாருங்கள். தன் வாய்க்குள் போகிற எதையும் ஆஸ்கார் தின்னும், அதில் பகையும் இல்லை, வன்மமும் இல்லை. வாய்க்குள் போகாது என்பதால் மட்டும் பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். மெதுவாக நீந்துகிற மீன், நீளமாக வால் தொங்குகிற மீன் என்றால் போச்சு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துவிடும். கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கிறதே டேங்க் கிளீனர் மீன், அது இவரோடு எத்தனையோ வருஷமாகக் குப்பை கொட்டுகிறது. தடித்த தோல், எதற்கும் எதிர்த்து நிற்காது. கல்யாணமான நாளிலிருந்து நானும் அந்த ரகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது மீன் விடுகிற அன்று பழைய மீனுக்கு வயிறு முட்டத் தீனி போட வேண்டும். விளக்கை அணைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட, உள்ளே இருக்கும் கற்களை எடுத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும். அப்போதுதான் பழைய மீனுக்கே தன் இடம் எது என்று தெரியாமல் குழம்பும், வந்தவனை விரட்டத் தோன்றாது. நான் கல்லை மாற்றும்போதெல்லாம் கூடம் குளமாகிவிடும். "அதுக்கு வீடு மாத்துறேன்னு நம்ம வீட்டத் தொட்டியாக்கிட்டீங்களே" என்று திட்டிக்கொண்டே என் மனைவி துடைப்பாள். அந்தத் திட்டு எனக்குப் பிடிக்கும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் இறந்த பிறகு மாமனார் தனியாக இருந்தார். "அப்பாவ அங்க விட்டுட்டு எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்றாள் மனைவி. "தாராளமா வரட்டும்" என்றேன். அந்த வார்த்தை எப்படித்தான் வாயில் வந்ததோ. எனக்கு நல்ல பேர் எடுக்கிற வியாதி உண்டு.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பெட்டி, ஒரு போர்வை, ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தங்கமீன், பாவாடை மாதிரி விரிந்த வால். மாமியார் ஆசையாக வாங்கி வளர்த்ததாம். பாப்பா என்று கூப்பிடுவார். காலையில் பல்லைத் துலக்குவதற்கு முன்னால் பாப்பாவுக்குத் தண்ணீர் மாற்றுவார். "என்னம்மா, தூங்குனியா?" என்று அதனிடம் விசாரிப்பார்.

தொட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி என்னுடையது. அது அவருடையதாயிற்று. "சில்லுனு இருக்கு மாப்ள" என்று மின்விசிறியை அணைப்பார். செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பார். மற்றபடி மனிதர் தங்கமானவர். அதுதான் இம்சை. சண்டைக்கோழியாக இருந்திருந்தால் நானும் ஒரு நாள் கத்தித் தீர்த்திருப்பேன். வேலை முடிந்து வந்தால் என்னோடு உட்கார்ந்து பேசுகிற மனைவி, அவரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். இருவரும் சிரிப்பார்கள். நான் உள்ளறையில் சட்டையை மாட்டியபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். தலை நரைத்த வயதில், அதுவும் மாமனார்மேல். வெளியே சொன்னால் வழித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"மாமா, வேற இடம் பாத்துக்குங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் துப்பில்லை. ஒரு நாள் அவரே பேச்சுவாக்கில் சொன்னார். "பாப்பா இருக்கிற வரைக்கும்தான் மாப்ள இந்தக் கட்ட ஓடும். அவ போயிட்டா நானும் மூட்டையக் கட்டிருவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆபீசருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி, தீனியை நிறுத்தினேன். தீனி போடுவது என் மனைவி. "பாவங்க, கண்ணாடில வந்து முட்டுது" என்றாள். "பட்டினி போட்டாத்தான் சரியாகும்" என்றேன். மாமனாரிடம் வேறு பேச்சு. "பாப்பா இத்தனூண்டு கிண்ணத்துல கிடந்து கஷ்டப்படுது மாமா. என் தொட்டியில விட்டா தாராளமா நீந்தும்."

"உங்க ஆபீசர் ஒண்ணும் செஞ்சுர மாட்டாரே?"

அளவுகோலை எடுத்து வந்தேன். ஆபீசர் கண்ணாடியோடு முகத்தை வைத்திருந்தபோது வாயை அளந்து காட்டினேன். பாப்பாவையும் கிண்ணத்துக்கு வெளியே கோலை வைத்து அளந்தேன். "பாருங்க, வாய்க்குள்ள போகவே போகாது" என்றேன். லிஃப்ட் பழுது பார்த்தவர், அளவு என்றால் நம்புவார். போகவும் இல்லை. அந்த விஷயத்தில் நான் பொய்யே சொல்லவில்லை.

மனைவி வேலைக்குப் போன ஒரு காலையில், நான் லீவு போட்டிருந்தேன். வலையில் பிடித்தால் மிரளும் என்று அவரே இரண்டு கையாலும் அள்ளி உள்ளே விட்டார். "போம்மா, பெரிய வீடு" என்றார். அவர் கண்ணுக்குப் போடுகிற சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதை நான் நினைவுபடுத்தினேன். "நீங்க வாங்கிட்டு வாங்க மாமா, நான் பக்கத்துலயே இருக்கேன்." சொன்னபடி பக்கத்திலேயே இருந்தேன். கற்கள் இருந்த இடத்தில் இருந்தன. விளக்கு எரிந்தது. வலை கைக்கெட்டுகிற தூரத்தில் ஆணியில் தொங்கியது. முதலில் வால் போயிற்று. நான் காபியைக் கையில் வைத்திருந்தேன், குடிக்க மறந்துவிட்டேன்.

அவர் திரும்பி வருவதற்குள் மிச்சத்தை எடுத்துச் செய்தித்தாளில் வைத்திருந்தேன். பதறின முகம் ஒன்றையும் தயார் செய்திருந்தேன். அவர் பார்த்தார். உட்கார்ந்தார். பிறகு என்னைத்தான் தேற்றினார். "அழாதீங்க மாப்ள. அதோட கொணம் அது. நீங்க நல்லது நெனச்சுத்தான செஞ்சீங்க?" எனக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. என் நடிப்பில் நானே மயங்கிவிட்டேன்.

அவர் உடனே கிளம்பவில்லை. மறுநாள் காலை எழுந்து காலிக் கிண்ணத்துக்குத் தண்ணீர் மாற்றினார். அதற்கடுத்த நாளும் மாற்றினார். "என்ன மாமா இது?" என்றேன். "கை பழகிருச்சு மாப்ள" என்றார். சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது, செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கடைசியில், மகள் அழுது தடுத்தும் கேட்காமல், ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். "கிண்ணம் இங்கேயே இருக்கட்டும் மாப்ள. என்னிக்காவது குட்டி மீன் வாங்குவீங்க" என்றார். அங்கே படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தகவல் வந்து என் மனைவி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

என் மேசைக்கு இந்தக் கேஸ் வந்திருந்தால் இயற்கை மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். கேட்டது என் மனைவி. காரியமெல்லாம் முடிந்து கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, புது மீன் விட்டா கல்லெல்லாம் மாத்துவீங்களே. நான்தான தரையத் தொடைப்பேன்? அன்னிக்கு நான் வந்தப்ப தரை காஞ்சு கெடந்துச்சே."

"அவசரத்துல மறந்துட்டேன்."

"நீங்களா? டூத் பிரஷ்ஷுக்கு மூடி போட மறக்காத ஆளு நீங்க." கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தாள். "பட்டினி வேற போட்டீங்க. அதையும் என் கையாலயே செய்ய வச்சீங்க."

விபத்து என்று சொல்ல வந்தேன். எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்து சொன்ன வார்த்தை அது. அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. துடைத்துக்கொண்டிருந்த வேலையை முடித்தாள், வாளித் தண்ணீரை ஊற்றினாள், பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். மீனை மட்டும் சொல்லவில்லை.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். சரி, உங்கள் கேள்விக்குப் பதில்: எந்தத் துணையும் வேண்டாம். சில மீன்களுக்குத் தனியாக இருப்பதுதான் ஒத்துப்போகும். ஆபீசரைப் பாருங்கள், நிம்மதியாக இருக்கிறார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் இந்தப் பக்கம் வந்து முட்டுவார், அவள் தீனி போடுகிற பக்கம் இதுதான். எனக்கும் ஒரு குறையுமில்லை. நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது, மின்விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது.

போகும்போது அந்த அலமாரியைப் பார்த்து நடங்கள், கிண்ணம் விளிம்பில் இருக்கிறது. காலியாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் நான்தான் அதற்குத் தண்ணீர் மாற்றுகிறேன். விட்டால் கண்ணாடியில் கறை பிடித்துவிடும், அதற்காகத்தான்.