தெக்கால ஜன்னல்

அதெல்லாம் ஆவாது பாஸ்டர் காரு. என் எடத்துல சாரம் நட்டு, மேஸ்திரிய ஏத்தி, உங்க சர்ச்சோட தெக்கால ஜன்னலச் செங்கல் வெச்சு அடைக்கறதுக்கு இந்தப் பச்சையப்பன் ஒத்துக்கமாட்டான். தமிழ்ல கேட்டாலும் அதான், தெலுங்குல கேட்டாலும் அதான்.

ஒக்காருங்க. நிக்க வெச்சே பேசி அனுப்பினான்னு அதையும் ஒரு பிரசங்கமாப் பண்ணிடுவீங்க. அந்த ஸ்டூல் வேணாம், காலு ஆடும், இப்டி வாங்க. ரத்னம்மா, ஒரு காப்பி போடு. பொண்டாட்டியக் காப்பி போடச் சொல்றான், கெழவன் மனசு எளகிடுச்சுன்னு நெனைக்காதீங்க. தறிக்குக் கரண்டு கட் பண்ண வர்ற லைன்மேனுக்கும் இந்த வூட்ல காப்பி உண்டு.

இன்னாது, எனக்காகவா? ஓ. எனக்குத் தொந்தரவா கீதுன்னு சபை கூடி ஜெபம் பண்ணி முடிவெடுத்தீங்களா? தெக்கால ஜன்னல அடைச்சு, வடக்கால மண்டபத்த நீட்டி, உள்ள ஏசி வெச்சு, ஒரு சத்தம் வெளிய வராம பண்ணிடுவீங்க. அக்கம்பக்கத்தான் நல்லாருக்கணும், உங்க ஆளுங்களுக்கும் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு எடம் கெடைக்கும். நல்லா கீது. ஆவி வளர எத்தினி அடி வேணும் நைனா? மேஸ்திரிகிட்ட அளவு சொல்லிட்டீங்களா? எல்லாப் பக்கமும் மூடி ஆவி கட்டறதுக்கு அது இன்னா இட்லிக் குண்டானா?

வாசல்ல நீலக் கலர்ல போர்டு வெச்சிகீறீங்களே, நானும் படிச்சேன். அன்பு, தாழ்மை, உபசாரம், வளர்ச்சி, இவையே எங்கள் சபை அப்டின்னு. ரொம்ப நல்ல வார்த்தைங்க. பக்கத்து வூட்டுக்காரன ஒரு வார்த்த கேக்காம முடிவெடுக்கறதுன்னு மட்டும் அதுல எழுதல. எடம் பத்தலியா?

சத்தம் வேணாம்னு சொன்னவன் நான்தான். யாரு இல்லன்னது? நீங்க திருப்பதிலேர்ந்து மாத்தலாகி வந்து மூணு மாசம் ஆவுமா, உங்களுக்கு இன்னா தெரியும். உங்களுக்கு முன்ன இருந்த பெரியவர நான் படுத்தின பாடு அவரக் கேளுங்க. என் ரேடியோவ உங்க ஜன்னலுக்கு நேரா வெச்சு முருகன் பாட்ட அலற வுட்டிருக்கேன். டேஷனுக்கே போனேன். எஸ்ஐ கேட்டாரு, ஏம் தாத்தா, ஒன் தறிச்சத்தத்துல இந்த நகரி டவுனே ஆடுதே, அது பரவால்லியான்னு. அது தொழிலு சார், இது தொந்தரவுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தேன்.

சும்மா சொல்லல. உங்காளுங்க டிரம்மு அடிச்ச அடில ஒரு தபா என் தறி தாளத்துக்குத் தாவிடுச்சு. நூல இழுத்துகினு ஓடற நாடா இந்தப் பக்கம் ஒரு அல்லேலூயா, அந்தப் பக்கம் ஒரு அல்லேலூயா. சாயங்காலம் தறிலேர்ந்து சேலைய அறுத்துப் பாத்தா பார்டர் பூரா சிலுவ. தொலைஞ்சோம், எவன் வாங்குவான்னு ஒக்காந்துகினு கீறேன், நாயுடுபேட்ட வியாபாரி போன் பண்றான், டிசம்பருக்கு இதே டிசைன் இன்னும் அனுப்புன்னு. அந்தக் கேக்கு கதைய வேற கேளுங்க. கிறிஸ்மஸுக்கு உங்க சபைலேர்ந்து அனுப்பினாங்க. நாங்க துன்னல, ஆட்டுக்குப் போட்டேன். அன்னிலேர்ந்து வெள்ளிக்கெழம ஆனா அது புல்லு துன்றதில்ல. உபவாசம். பொங்கலுக்கு அத வெட்டவே கையி வரல எனக்கு.

சிரிக்காதீங்க. சிரிச்சா சாரம் நடலாம்னு பாக்கறீங்களா?

அங்க செங்கல் ஏத்தக் கூடாது. அடில சுரங்கம் கீது. சந்திரகிரிக் கோட்டைலேர்ந்து ராஜா வெட்டினது, நேரா உங்க செவுத்துக்கு அடில வருது. எங்க தாத்தா கெணறு தோண்டறப்ப கடப்பாற பொசுக்குனு உள்ள போயிடுச்சு. அடில குதிர கனைக்குது. அப்பறமா ஒரு சிப்பாய் தலைய நீட்டி, ராஜா நல்லாக் கீறாரான்னு கேட்டான். ராஜா போய்ட்டாருப்பா, இப்ப வெள்ளக்காரன் ஆளறான்னாரு தாத்தா. அப்ப நான் கீழியே இருந்துக்கறேன்னு போய்ட்டான். இன்னும் மேல வரல. அந்தப் பாவி தலைல நீங்க லோடு ஏத்தப் போறீங்க.

செவுரு ஏற்கெனவே கீது, ஓட்டைய அடைக்கறதுதான், வெயிட்டு ஒண்ணும் ஏறாதுன்றீங்களா. படிச்சவருதான். சரி, சுரங்கத்த வுடுங்க. காத்து? உங்க ஜன்னல் வழியா வர்ற காத்துலதான் என் பாவு காயுது. கஞ்சி போட்ட நூலு காத்து இல்லன்னா ஒட்டிக்கும். தறிக்காரன் வயித்துல அடிக்கறதுதான் உங்க போர்டுல கீற அன்பா?

ஞாயித்துக்கெழம காலைல என் தறியே ஓடறதில்லன்னு யாரு சொன்னது? உங்க ஆளுங்களா? அத வேற கவனிச்சுகினு கீறாங்களா? வேதத்தப் படிக்கச் சொல்லுங்க அவங்கள. கரண்டு இல்ல, அதான் ஓடல. உங்க ஆராதன நேரம் பாத்துப் போவுதுன்னா நான் இன்னா பண்ண முடியும், டிபார்ட்மென்ட்டப் போய்க் கேளுங்க. உங்க மைக்கு ஓடுதா? அப்ப ஜெனரேட்டர் வெச்சிருப்பீங்க. வெக்கலியா?

அப்ப எனக்குத் தெரியாது.

வயசானவன இப்டி ஓரத்துல தள்ளித் தள்ளிக் கேக்கறது உங்க படிப்புல சொல்லிக் குடுத்ததா? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. உங்காளுங்களுக்கு எடுக்கத்தான் தெரியும். ஒரு வூட்லேர்ந்து எடுக்கறப்ப எவனும் வந்து இப்டி ஒக்காந்து பர்மிசன் கேக்கல. கண்ணாடி வளையலும் குங்குமமும் வேணாம்னு சொல்லிக் குடுத்தப்ப கேக்கல. அங்கியே கல்யாணம் பண்ணி வெச்சப்ப கேக்கல. பத்திரிகைய ஒருத்தன் வந்து கதவுல சொருகிட்டுப் போனான். இப்ப ஒரு ஜன்னல் மூடறதுக்கு வெள்ளச் சட்ட போட்டுகினு வந்துட்டீங்க.

யாரு வூட்லன்னா? பொதுவாச் சொன்னேன். ஊர்ல நடக்கறது.

ரத்னம்மா, காப்பிய வெச்சிட்டு உள்ள போ. இன்னாத்துக்கு அங்கியே நின்னுகினு கீற?

சரி, சரி. ஜன்னல அடைக்கமாட்டீங்க. அவ்ளோதான, முடிஞ்சுது. இன்னா, பதிலுக்குப் பாடறவங்கள வடக்கால செவுத்துப் பக்கம் மாத்திடறீங்களா? சத்தம் எனக்கு வராதா?

யாரு கேட்டா உங்கள?

கோவம் இல்ல. கோவம் இல்லன்றேன். டிரம்மு அடிக்கறவன மாத்துங்க, அவன நாயுடுபேட்டைக்கே மாத்துங்க, நான் வந்து வண்டி ஏத்தி வுடறேன். ஜன்னலண்ட நின்னு பாடறவங்க அங்கியே நிக்கட்டும். ஏன்னா? ஏன்னா அப்டித்தான்.

நீங்க எதுக்குப் பாஸ்டரு? போன வாரம் மூணாவது பாட்டு எடுத்தாளே, மேல ஏத்தறப்ப தொண்ட கட்டிகிச்சு, பாதில வுட்டுட்டா. மத்தவங்க இஸ்துகினு போனாங்க. உங்களுக்கு அது காதுலியே வுழல, கையத் தட்டிகினு இருந்திருப்பீங்க. அதுக்கு முந்தின வாரமே கொரல்ல கம்மல் இருந்துது. சின்னதுலேர்ந்தே அவளுக்குக் குளுரு ஆவாது. கார்த்தி மாசம் வந்தா ராவெல்லாம் நெஞ்சு இழுக்கும், நான்தான் தோள்ல போட்டுகினு தெருவுல நடப்பேன். அவளப் போய் நாலு பக்கமும் மூடி ஏசில நிக்க வெக்கப் பாத்தீங்க. இதான் வளர்ச்சியா?

மெளகு தட்டிப் போட்டு வெந்நி குடுக்கச் சொல்லுங்க. பனங்கல்கண்டு போடணும், சக்கர போடக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. செத்தாலும் அவ மூஞ்சில முழிக்கமாட்டேன்னு இதே தெருவுல நின்னு கத்தினவன் நான். அது அப்டியே இருக்கட்டும், அதுல ஒண்ணும் மாத்தம் இல்ல.

எந்தப் பொண்ணுன்னா, அதான், ஜன்னலோரம் நிக்கறவ. கிரேஸா, எஸ்தரா, ஞானஸ்நானத்துல உங்காளுங்க இன்னா பேரு வெச்சாங்களோ எனக்கு எப்டித் தெரியும் நைனா. நான் வெச்சது அகிலா.