வாக்கி டாக்கியில் ஆமென்

மேடையில் அமர்ந்திருக்கும் சேகர குருவானவர் எபனேசர் ஐயர் அவர்களே, வாலிபர் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் தம்பி எஸ்றா அவர்களே, பாடகர் குழுவினரே, முன் வரிசையில் மகனின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஜெபசுதா அம்மா அவர்களே, ஷிப்ட் முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே வந்திருக்கும் என் யார்டு தோழர்களே, மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி ஷாம் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கடைசிப் பெயரைச் சொன்னதும் சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். சிலர் திரும்பவே கூடாது என்று கழுத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஸ்டெபின் கடைசியாகப் போன வண்டியை ஓட்டியவர் ஷாம். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் பெயரைச் சொன்னேன். அதைப் பற்றிப் பேசாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். அதற்கு முன்னால் ஸ்டெபினைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் சங்கரபாண்டியன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் ஃபோர்மேன். நெற்றியில் திருநீறோடு உங்கள் சபை மண்டபத்தில் மைக் பிடித்து நிற்கிறேன். மைக் எனக்குப் பழக்கமில்லை. யார்டில் தொண்டையே போதும். எஸ்றா தம்பி என்னிடம், "ஸ்டெபினைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டார். நாலு வார்த்தைக்கு மேலேயே இருக்கிறது. ஐயர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

ஸ்டெபின் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்தவன் யார்? ஆராதனை முடிந்ததும் கோவில் பாயைச் சுருட்டியவன் யார்? பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று, எல்லோரும் பாடி முடித்த பிறகும் தன் குரலை மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தவன் யார்? சிரிக்கிறீர்கள். அவன் பாட்டைப் பற்றி உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. எங்களுக்கும் தெரியும். யார்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் பாட ஆரம்பித்தால், முத்தையாபுரம் பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லி அவனை எழுப்பிவிடுவோம்.

போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் கேரல் ரவுண்ட்ஸ் லோடு ஆட்டோ என் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. எங்கள் தெருவில் சபை வீடே கிடையாது. ஆட்டோவில் ஷாம் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஸ்டெபின் குதித்து இறங்கினான். அவன் உடம்பு உங்களுக்குத் தெரியும், ஈர்க்குச்சி. வயிற்றில் கட்டிய தலையணை பாட்டு முடிவதற்குள் முட்டிக்கு வந்துவிட்டது. என் மனைவி சந்தனமாரி, "ஏ தாத்தா, வயிறு எறங்கிட்டுய்யா" என்றாள். அவன் கூச்சப்படாமல், "எல்லா வீட்டுலயும் சாப்பிட்டுட்டு வாரேன் மதினி, பாரம் தாங்கல" என்றான். எங்கள் தெருவே சிரித்தது. அந்தத் தெருவில் எல்லா வீடுகளிலும் இப்போது ஸ்டெபினுக்காக அழுதிருக்கிறார்கள்.

இப்போது யார்டுக்கு வருகிறேன். ஸ்டெபினுக்கு அங்கே என்ன வேலை? வந்து இறங்கும் கன்டெய்னர் பெட்டியை எந்த வரிசையில், எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்று, பெட்டியைத் தூக்கும் வண்டிக்காரர்களுக்கு வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் "ஓவர்" என்று சொல்ல வேண்டும். நான் பேசிவிட்டேன், நீ பேசு என்று அதற்கு அர்த்தம். சேர்ந்த புதிதில் ஒருநாள் நீளமாக ஒரு செய்தியைச் சொன்னான். வரிசை சொன்னான், அடுக்கு சொன்னான், பெட்டியின் எண்ணைச் சொன்னான். மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில், "ஆமென்" என்றான்.

நீளமாகப் பேசி முடித்தால் ஆமென் என்று சொல்லியே வளர்ந்த நாக்கு. அது என்ன செய்யும்? வண்டியில் உட்கார்ந்திருந்த பிச்சையா அண்ணன், சுடலைமாடன் கோவில் கொடைக்கு வருஷம் தவறாமல் போகிற மனுஷர், வாக்கி டாக்கியை எடுத்தார். "ஏலே, நான் கண்ணை மூடிட்டேன்லே. பெட்டிய எங்கன வைக்கணும்னு திரும்பச் சொல்லு" என்றார்.

அன்றைக்கு ஸ்டெபின் வெட்கப்பட்டு ஒதுங்கிப் போனான். மறுநாள் பிச்சையா அண்ணனே பெட்டியை வைத்துவிட்டு, "வச்சாச்சுலே, ஆமென்" என்றார். அப்புறம் அது பரவிவிட்டது. காயல்பட்டினத்து முஸ்லிம் தம்பி ஒருவர் சொன்னார். மாதா கோவிலுக்குப் போகிற ரோச் சொன்னார், அதுவும் அங்கே சொல்வது போல இழுத்துச் சொன்னார். நானும் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த புது அதிகாரி ஒருநாள் வாக்கி டாக்கியைக் கேட்டுவிட்டு, இது யார்டா ஜெபக்கூட்டமா என்று என்னிடம் கோபப்பட்டார்.

நான் ஸ்டெபினைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். கண்டித்துவிட்டு, "அது சரி, அந்த வார்த்தைக்கு என்னதாம்லே அர்த்தம்?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, ஐயர் முன்னால நின்னு ஜெபம் பண்ணுவாவ. நாங்க கண்ணை மூடிக்கிட்டு சும்மாதான் நிப்போம். கடைசியில ஆமென்னு சொல்லிட்டோம்னா, அவிய சொன்னது அம்புட்டும் நாங்களும் சொன்ன மாதிரி. நல்லதோ கெட்டதோ, அதுல நமக்கும் பங்கு உண்டு" என்றான்.

ஐயர் தலையசைக்கிறார். அப்படியானால் சரியான விளக்கம்தான் போலிருக்கிறது. அன்றைக்கு நான், "வியாக்கியானம் நல்லாத்தான் இருக்கு, அதிகாரி இருக்கும்போது வாயை மூடிக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வார்த்தையை அவன் எவ்வளவு நம்பினான் என்பது போன ஐப்பசி மழையில்தான் எனக்குப் புரிந்தது. குளிரூட்டிய மீன் பெட்டி ஒன்று வந்தது. அதைக் கரண்ட் இருக்கும் வரிசையில் வைக்க வேண்டும். பிச்சையா அண்ணன் மழையில் கண் தெரியாமல் வேறு வரிசையில் வைத்துவிட்டார். மீன் கெட்டுப் போய்விட்டது. அதிகாரி வாக்கி டாக்கியிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, "யார் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார் தப்பா வச்சேன். ஓவர்" என்றார் பிச்சையா அண்ணன்.

யாரும் எதுவும் பேசவில்லை. ஏன் பேச வேண்டும்? வேலைக்கு ஆபத்து வரும்போது எவன் வாயைத் திறப்பான்? நானும் பேசவில்லை, ஃபோர்மேன் என்று பெயர் வைத்துக்கொண்டு. அப்போது ஒரு குரல் கேட்டது. "ஆமென்." அதற்குப் பிறகு ஸ்டெபின் சொன்னான்: "சார், வரிசையைச் சொன்னவன் நான். அந்த அண்ணனத் திரும்பச் சொல்லச் சொல்லி உறுதி பண்ணிருக்கணும். பண்ணல. என் மேலயும் தப்பு இருக்கு."

இரண்டு பேரையும் ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பிச்சையா அண்ணனின் வேலை அதனால்தான் தப்பித்தது. தப்பு ஒரே ஆள் மேல் விழுந்திருந்தால் அவரை அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். அண்ணன் இதோ பின்னால் சுவரோரம் நிற்கிறார், நான் சொல்வது பொய் என்றால் சொல்லட்டும். பிறகு நான் ஸ்டெபினிடம், "ஏலே, நீ சரியாத்தான சொன்ன? எதுக்கு நடுவுல போய் விழுந்த?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் இதுதான்.

"அண்ணாச்சி, அந்த அண்ணன் ஒத்தையில நின்னாவ."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

இப்போது ஷாமுக்கு வருகிறேன். ஸ்டெபினும் ஷாமும் ஒரே ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் உட்கார்ந்தவர்கள். வேத வசனப் போட்டியில் ஷாம் மறந்து நின்றபோது ஸ்டெபின் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்க, இரண்டு பேரும் சேர்ந்து வெளியேற்றப்பட்டவர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரே பரோட்டாக் கடை. சாயங்காலம் ஒரே கடற்கரை. ஒரு பொட்டலம் மக்ரூனைப் பிரித்து வைத்துக்கொண்டு அடுத்த வாரப் பாட்டுக்குச் சண்டை போடுவார்கள். இதெல்லாம் ஸ்டெபின் எனக்குச் சொன்னது. ஷிப்டில் அவன் வாயில் அதிகம் வந்த பெயர் ஷாம்.

போன மாதம் பாட்டுப் பயிற்சி முடிந்து பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் ஒரே பைக்கில் திரும்பினார்கள். ஷாம் ஓட்டினார். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற உப்பு லாரியை ஷாம் கவனிக்காமல் மோதிவிட்டார். இருந்தது ஒரே ஹெல்மெட், ஸ்டெபினுடையது. ஓட்டுகிறவன்தான் போட வேண்டும் என்று அவன்தான் ஷாம் தலையில் மாட்டிவிட்டிருக்கிறான். ஷாமுக்குக் கால் முறிந்தது. ஸ்டெபின் அங்கேயே போய்விட்டான். இருபத்தாறு வயது.

அன்றிலிருந்து என்ன நடக்கிறது? அடக்க ஆராதனைக்கு மாவுக்கட்டோடு வந்த ஷாமைக் கல்லறைத் தோட்டத்து மதிலைத் தாண்டி யாரும் கூப்பிடவில்லை. "அடுத்தவன் ஹெல்மெட்ட போட்டுக்கிட்டு பொழைச்சிட்டான்" என்று அவர் காதுபடவே பேசியிருக்கிறார்கள். இந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேறு கீபோர்டு ஆள் பார்த்தாகிவிட்டது. எஸ்றா தம்பி, தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றுதான் சொன்னீர்கள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று யாராவது அந்தப் பையனுக்குச் சொன்னீர்களா?

விருந்துக்கு வந்த வீட்டில் வீட்டுக்காரரைக் குறை சொல்வது மரியாதை இல்லை. தெரிந்தும் சொல்கிறேன், கோபப்படுகிறவர்கள் கோபப்படுங்கள். இன்று காலையில் ஷாம் எனக்குப் போன் செய்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அண்ணாச்சி, வண்டிய ஓட்டுனது நான்தான். லாரியப் பாக்காம விட்டதும் நான்தான். அதை எல்லார் முன்னாலயும் சொல்லணும், எனக்கு உள்ள வர முகம் இல்ல. நீங்க சொல்லிருங்க. ஸ்டெபின் அம்மா காதுல விழுந்தா போதும்."

சொல்லிவிட்டேன். அம்மா, உங்கள் காதில் விழுந்துவிட்டது.

ஷாம் மேல் தப்பே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அவரே இருக்கிறது என்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிற தகுதியும் எனக்குக் கிடையாது. என் பிள்ளைகள் ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்குகிறார்கள். உங்கள் வலி எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஸ்டெபின் பார்த்த வேலையை யார்டில் இனி நாங்கள் பார்ப்போம். பெட்டிக்கு வரிசை சொல்ல ஆள் கிடைத்துவிடும். தப்புச் செய்துவிட்டு ஒத்தையில் நிற்கிறவன் பக்கத்தில் போய் நிற்க ஆள் கிடைப்பது கஷ்டம். அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். தோழர்களே, சம்மதம்தானே? இந்தக் கூட்டம் முடிந்ததும் நாம் டீக்கடைக்குப் போகவில்லை. நேராக அந்த வேப்பமரத்தடிக்குப் போகிறோம். ஷாமோடு நிற்கிறோம். அவரை உள்ளே கூப்பிடும் உரிமை எங்களுக்கு இல்லை. வெளியே நிற்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லத்தான் வந்தேன். தம்பி ஸ்டெபினுக்கு எங்கள் யார்டு தொழிலாளர்கள் எல்லோரின்...

அம்மா? ஏன் எழுந்துவிட்டீர்கள்? நான் பேசியது தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும். உட்காருங்கள்.

என்னம்மா? கேட்கவில்லை. கொஞ்சம் அமைதியாக இருங்கள், அம்மா ஏதோ சொல்கிறார்கள்.

நீங்கள் சொன்னது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் மைக்கில் சொல்லட்டுமா? சரி. ஜெபசுதா அம்மா கேட்கிறார்கள்: "கால்ல மாவுக்கட்ட வச்சிக்கிட்டு அந்தப் பிள்ளை இம்புட்டு நேரமா நிக்குதானா? ஏன் யாரும் உள்ள கூப்பிடல?"

அம்மா வெளியே போகிறார்கள். வழி விடுங்கள். அந்த நாற்காலியை நகர்த்துங்கள், பிச்சையா அண்ணே, கதவை நல்லாத் திறந்து வையுங்கள். எஸ்றா தம்பி, நீங்களும் கூடப் போங்கள். ஷாமை அம்மா ஒரு பக்கம் பிடிக்கட்டும், நீங்கள் ஒரு பக்கம் பிடியுங்கள். மூன்று படி இருக்கிறது, பார்த்து ஏற்றுங்கள்.