மேற்குக் காற்றுக்கு ஒரு வாக்கு

நான் நீட்டி முழக்குவேன் என்று தெரிந்தும் துணிந்து என்னை மேடையேற்றிவிட்ட சங்கத் தலைவர் ஓவலீன் டிப்டன் அம்மையார் அவர்களே, குறி தவறினாலும் குணம் தவறாத மூத்தோர்களே, காலை முதல் அவரைப் பானையோடும் சோள ரொட்டியோடும் போராடி எங்கள் வயிற்றை வாழவைத்த தாய்மார்களே, முன்வரிசையில் கைகட்டி அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அன்பு எதிரணித் தலைவர் வெண்டெல் கோயின்ஸ் அவர்களே, டென்னசி மலைமடியில் பிறந்து வெடிமருந்துப் புகையில் வளர்ந்த என் மக்களே, கிளெல் ஆஷ்பர்னின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

இன்னும் சற்று நேரத்தில் கை தூக்கப் போகிறீர்கள். நாம் துப்பாக்கி சுடும் இந்தத் திடலின் மேற்கே உயரமான பலகைச் சுவர் எழுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறீர்கள். பலகை முழுவதையும் தன் மரவாடியிலிருந்து இலவசமாகத் தருகிறேன் என்கிறார் வெண்டெல். பெரிய மனது அவருக்கு. காற்றைத் தடுத்துவிட்டால் எல்லாரும் சமமாகச் சுடலாம் என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இவ்வளவு நாள் நம்மோடு விளையாடிய அந்த மேற்குக் காற்றுக்காகப் பரிந்து பேச ஒருவனாவது வேண்டாமா? யாரப்பா அங்கே சிரிப்பது? காற்றிடம் நான் தோற்ற கதையெல்லாம் எனக்கே தெரியும், நீ உட்கார்.

நம் வீடுகளுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகன்களுக்கும் மருமகள்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு உருண்டை. ஊதினால் ஓடும். கரிபூசிய பலகையில் கத்தியால் கீறிய பெருக்கல் குறிதான் நம் இலக்கு. ஆனால் நாம் பார்த்துச் சுடுவது அந்தக் கீறலை அல்ல, பக்கத்தில் ஒட்டிய வெள்ளைத் தாளை. இடமிருந்து காற்றடித்தால் தாளை இடப்புறம் தள்ளி ஒட்டுவோம். தாளைப் பார்த்துச் சுட்டால், காற்று குண்டைத் தள்ளிக்கொண்டு போய்க் கீறலில் சேர்க்கும். முதல் குண்டு வெடித்த பிறகு தாளைத் தொடக் கூடாது. கீறலிலிருந்து குண்டுகள் விழுந்த தூரத்தையெல்லாம் நூலால் அளப்போம். எவன் நூல் குட்டையோ அவனுக்கு மாட்டின் பின்தொடை.

இப்போது என் ஹோபார்ட் ஸ்டைல்ஸைப் பற்றிச் சொல்கிறேன். மேவிஸ் அம்மா, அழக் கூடாது, உங்கள் கணவரைத் திட்டத்தான் போகிறேன். அவனும் நானும் ஒரே ஓடையில் நீந்தியவர்கள், ஒரே அச்சில் குண்டு வார்த்தவர்கள். ஆனால் அவன் வேட்டைநாய், இறைச்சியைப் பதப்படுத்தும் என் புகைக்கொட்டிலில் புகுந்து, கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிட்டிருந்த பன்றித்தொடையைத் தின்றுவிட்டது. நான் நாயைத் திட்டினேன். அவன் என்னைத் திட்டினான். அன்று நின்றது பேச்சு. தேவாலயத்தில் அவன் ஒரு கோடி, நான் ஒரு கோடி. மூன்று குளிர்காலம் அப்படியே போனது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்தில் வீறாப்புக்கு நம் மலையில் பஞ்சமே இல்லை.

அடுத்து வந்த இலையுதிர் காலப் போட்டியில் அவன் சுட்டு முடித்துவிட்டான். எனக்கு ஒரே குண்டு மிச்சம். அது கீறலில் விழுந்தால் மாட்டுத்தொடை எனக்கு, விலகினால் அவனுக்கு. காலையில் அடித்த காற்றை நம்பி, தாளை மூன்று விரல் தள்ளி ஒட்டியிருந்தேன். மருந்து கெட்டித்து, கட்டையில் குழலைச் சாய்த்து, மண்ணோடு மண்ணாகப் படுத்தேன். காற்று நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை. ஒரு புல் ஆடவில்லை. காற்றடித்தால் கலங்குபவர்களைப் பார்த்திருக்கிறீர்கள், காற்றில்லாமல் கலங்கியவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அவன். அப்படியே சுட்டால் மூன்று விரல் விலகும். தரையோடு கிடப்பவன் கண்ணுக்குக் குழலும் தாளும்தான் தெரியும், மேற்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. நடுவரோ நேரம் முடியப்போகிறது என்கிறார். என் விரல் விசையைத் தொட்டுவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொறுடா."

மூன்று வருடம் கேட்காத குரல். நான் திரும்பவில்லை.

"ஓடைக்கரை மரம் ஆட ஆரம்பிச்சிருச்சு. வருது. பொறு."

"எனக்குச் சொன்னா உனக்கு மாடு போயிரும்டா" என்றேன், கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல்.

"மாடு போனா போகட்டும். வாயை மூடிக்கிட்டு படு. இப்ப வேலியத் தாண்டுது. இப்ப புல்லுல வருது. ம், சுடு."

நம்பலாமா? தோற்கப் போகிறவன் சொல்கிறான், நம்பலாமா? பன்றித்தொடையை இன்னும் மறக்காதவன் நம்பலாமா? நான் நம்பினேன். சுட்டேன். புகை விலகியபோது கீறலின் நடுவே ஓட்டை தெரிந்தது. எழுந்து திரும்பினால் அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"உன் தொடைக்கு என் தொடை சரியாப்போச்சு" என்றான். "இனிமே என் நாயைப் பத்திப் பேசக் கூடாது."

அன்று சிரித்த சிரிப்பைக் கடந்த மார்ச் மாதம் அவனை மண்ணில் வைக்கும்வரை சிரித்தோம். அவனில்லாத இந்த வருடம் எனக்கு மிக நீளமாக இருந்தது.

பெரியோர்களே, தாய்மார்களே, எதற்காக இதைச் சொல்கிறேன்? துப்பாக்கியின் பின்னால் படுத்திருப்பவனுக்குக் காற்று தெரியாது. நிற்பவன்தான் சொல்ல வேண்டும். பகைவன் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரன் சொல்லலாம், மனைவி சொல்லலாம். யாராவது சொல்லியாக வேண்டும். சுவர் எழுந்தால் குறி கூர்மையாகும், ஒப்புக்கொள்கிறேன். நூல் குட்டையாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவன் ஒருவனிடம் எதற்காகப் பேசுவான்? அவனவன் வருவான், அவனவன் சுடுவான், அவனவன் போவான். அதற்கு ஒரு திடல் எதற்கு? ஒரு சங்கம் எதற்கு?

இன்று காலை நான் கடைசிக் குண்டுக்குப் படுத்தேன். காற்று நின்றுவிட்டது. பின்னால் ஹோபார்ட் இல்லை. சுட்டுத் தொலைக்கலாம் என்று விரலை வளைத்தேன். "அவசரப்படாதீங்க பெரியவரே, ஓடைப்பக்கம் இலை ஆடுது" என்றது ஒரு குரல். யார் குரல் என்று கேட்கிறீர்களா? வெண்டெல், தலையைக் குனிந்துகொள்ளாதே. குண்டு கீறலில் விழவில்லை, அது என் கிழட்டுக் கண்ணின் குற்றம். மாட்டின் தொடை உனக்கே வந்தது, நன்றாகச் சாப்பிடு. ஆனால் ஹோபார்ட் போன பிறகு அந்தத் திடலில் காற்று வருகிறது என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் நீதான். உன் சுவர் அங்கே நின்றிருந்தால், நீ எதற்காக வாய் திறந்திருப்பாய்?

ஓவலீன் அம்மையார் மணியைத் தூக்கிவிட்டார், முடித்துவிடுகிறேன். யார் எந்தப் பக்கம் கை தூக்கினாலும் எனக்குக் கோபமில்லை, நாளையும் உங்கள் வீட்டில் காப்பி குடிப்பேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சமைத்த கைகளுக்கும் நன்றி. ஒரே ஒரு வேண்டுதல். அடுத்த இலையுதிர் காலத்தில் நான் அந்தக் கட்டையின் பின்னால் படுத்தால், யாராவது ஒருவர் என்னிடம் பொறு என்று சொல்லுங்கள். வணக்கம்.