மாடிக்கு வராத தண்ணீர்

விழுப்புரத்தில் பேருந்து ஏறி திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

"மோட்டார்ல ஒரு கோளாறும் இல்லக்கா. மாடிக்குப் போற பைப்புல வால்வ பாதி மூடி வக்கிறதே நான்தான்."

தின்பது நின்றது.

"ஏண்டி?"

"பையனும் மருமகளும் மாடியில தனியா ஒல வச்சதுல இருந்து அவ எங்கிட்ட பேசறதில்ல. மேல தண்ணி நூலாட்டம் வந்தா, கொடத்த எடுத்துக்கினு எங்க குழாய்க்கு எறங்கி வர்றா. கொடம் ரொம்புற வரைக்கும் ரெண்டு வார்த்தை பேசறா."

"மெக்கானிக்கு கண்டுபுடிக்கலியா?"

"அவரு வந்தா தொறந்துடுவேன், போனா மூடிடுவேன். போர்ல இருந்து மோட்டார தூக்கிப் பாத்துட்டு மனுசன் பேஜாராயிட்டாரு. இப்ப பையன் புது மோட்டாரு வாங்கறேன்னு நிக்கிறான்."

"அவளுக்குத் தெரிஞ்சா அந்த ரெண்டு வார்த்தையும் போயிடும்டி."

"தெரிஞ்சிடுச்சுக்கா. மாடியில இருந்து விழுந்த துணிய எடுக்க நேத்து வந்தவ, குனிஞ்சு வால்வ திருப்பிப் பாத்துட்டா. நான் கதவு மறவுல நின்னு பாத்துக்கினு இருந்தேன்."

"தொறந்து வுட்டுட்டாளா?"

பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டியது. வெளியே கரும்பு, கரும்பு, பிறகு வெயில் படுத்திருக்கும் ஒரு வெறும் வயல். நானும் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"இல்ல, இருந்தபடியே வுட்டுட்டா. காலையில கொடத்தோட வந்து, புது மோட்டாரு வேணாம்னு உங்க பையன்கிட்ட சொல்லிட்டேன் அத்தைன்னா."

"அப்புறம்?"

"கொடம் ரொம்பி வழியுது. ரெண்டு பேரும் குழாய மூடல."